மூவெட் வாசிப்புத் தாள்: ஒரு மாணவியின் பயிற்சிக் குறிப்புகள்



மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "நீயும் ஏதாவது எழுதிக் கொடு" என்று கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவிதை எனக்கு வராது. கதையும் வராது. நான் படிப்பதோ மின்னியல் டிப்ளோமா. அதில் ஒரு கட்டுரை எழுதலாமே என்றால், அதை என்னைவிட நன்றாக எழுத என் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். கடைசியில், எனக்கு எது சுத்தமாக வரவில்லையோ, எதில் விழுந்து எழுந்து கொண்டிருக்கிறேனோ, அதையே எழுதுவது என்று முடிவு செய்தேன். அதுதான் ஆங்கிலக் கருத்துணர்தல்.

முதலிலேயே சொல்லி விடுகிறேன். நான் ஆங்கிலத்தில் கெட்டிக்காரி இல்லை. அப்பா கித்தா மரம் வெட்டுபவர். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். வீட்டில் ஆங்கிலப் பேச்சு கிடையாது. ஆங்கிலப் பத்திரிகை வந்தால் அது சாமான் சுற்றி வந்த தாளாக இருக்கும். என்னைப் போன்றவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆங்கிலம் தண்ணீர் மாதிரி வருகிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம், கோபித்துக் கொள்ள மாட்டேன்.

தேர்வைப் பற்றிச் சில வார்த்தை

டிப்ளோமா முடித்து அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குப் போக நினைக்கிறவர்கள் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாம் எல்லாரும் சுருக்கமாக 'மூவெட்' என்கிறோம். இதை 1999-ஆம் ஆண்டிலிருந்து மலேசியத் தேர்வு மன்றம் நடத்தி வருகிறது. 2021-இல் தேர்வின் அமைப்பு மாறியது. ஆகவே பழைய பயிற்சிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அண்ணன் அக்கா கொடுத்த புத்தகம் என்று ஆசையாக எடுத்து வைத்துக்கொண்டு, இல்லாத அமைப்பில் பயிற்சி செய்து நானே ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

புதிய அமைப்பில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என நான்கு தாள்கள். ஒவ்வொன்றுக்கும் சம மதிப்பு, அதாவது 25 விழுக்காடு. வாசிப்புத் தாளுக்கு 75 நிமிடம், 40 கேள்விகள், 7 பகுதிகள். முதல் மூன்று பகுதிகளில் 4, 5, 5 கேள்விகள். நான்காவதிலும் ஐந்தாவதிலும் 6, 6. கடைசி இரண்டில் 7, 7. கூட்டிப் பாருங்கள், 40 வரும். மொத்த முடிவைப் 'பேண்ட்' என்ற தரத்தில் கொடுப்பார்கள். 1-இல் தொடங்கி 5+ வரை போகும்.

என் முதல் பயிற்சித் தாளில் எனக்குக் கிடைத்தது 40-க்கு 13. அதிலும் கடைசிப் பதினொரு கேள்விகளை நான் பார்க்கவே இல்லை. நேரம் முடிந்து விட்டது. விடுதிக்கு வந்து போர்வையை இழுத்து மூடிப் படுத்துக் கொண்டேன். பசியாறக்கூடப் போகவில்லை. எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் தேறி வந்தவள்தானே நான், பிறகு ஏன் இப்படி என்று அழுகை அழுகையாக வந்தது.

என் பக்கத்து அறையில் மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் இருக்கிறார். ஏற்கனவே மூவெட் எழுதியவர். அவர் என் தாளை வாங்கிப் பார்த்து விட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்த விடைய எந்த வரியிலருந்து எடுத்த?"

நான் முழித்தேன். எந்த வரியிலிருந்தும் எடுக்கவில்லை. எனக்குத் தோன்றியது, போட்டேன்.

"அங்கதான் உன் வியாதி இருக்கு" என்றார்.

தெரிந்த விஷயத்தில் தப்புப் போட்ட கதை

அந்த வாரமே எங்கள் ஆங்கில விரிவுரையாளர் வகுப்பில் ஒரு பகுதியைக் கொடுத்தார். ரப்பர் மரத்தின் வரலாறு! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பால் வாளியோடு வளர்ந்த பிள்ளைக்கு ரப்பரைப் பற்றிக் கேள்வியா? அந்தப் பகுதியின் சாரத்தைத் தமிழில் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். கீழே கேள்வி வரும்.

'1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு போனார். 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகள் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவி மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். ரப்பர் பயிரிடுமாறு தோட்ட முதலாளிகளைச் சந்தித்து வற்புறுத்தினார். ஆனால் காப்பி பயிரிட்டு வந்த அவர்கள் தயங்கினார்கள். இருந்தாலும், காப்பியின் விலை சரிந்த பிறகு அவர்கள் ரப்பர் பக்கம் திரும்பினார்கள்.'

கேள்வி: தோட்ட முதலாளிகளின் மனத்தை மாற்றியது எது? அ. ரிட்லியின் வற்புறுத்தல். ஆ. காப்பி விலையின் வீழ்ச்சி. இ. குறைந்த கூலிக்குக் கிடைத்த தொழிலாளர்கள்.

நான் யோசிக்கவே இல்லை. 'இ' போட்டேன். என் பாட்டி சின்ன வயதிலிருந்து எனக்குச் சொன்னது அதுதானே? "நம்ம ஆளுங்கள கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்து, காட்ட அழிச்சு, கித்தா நட்டாங்க" என்று பாட்டி சொல்லாத நாள் இல்லை. என் பக்கத்தில் இருந்த தோழி 'அ' போட்டாள். பகுதி முழுக்க ரிட்லி, ரிட்லி என்றுதானே வருகிறது, அதனால்.

இரண்டு பேருக்கும் தப்பு. விடை 'ஆ'. கடைசி வரியில் பச்சையாக எழுதியிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. கையைத் தூக்கி, "சார், நம்ம ஆளுங்க இல்லாம ரப்பர் தோட்டம் ஏது?" என்று கேட்டே விட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க சொல்றது வரலாற்றுல உண்மை. அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுங்க, நான் படிக்கிறேன். ஆனா இந்தத் தாள் கேட்டது இந்தப் பகுதியில என்ன எழுதியிருக்குன்னுதான். உங்களுக்குத் தெரிஞ்சதைக் கொஞ்ச நேரம் பக்கத்துல வச்சிட்டு, எழுதினவர் சொல்றதை முதல்ல முழுசா கேளுங்க" என்றார்.

அக்கா சொன்னதும் இதைத்தான். என் வியாதி எனக்குப் புரிந்து விட்டது. ஆங்கிலச் சொல் தெரியாததால் மட்டும் நான் தப்புப் போடவில்லை. தெரியும் என்று நினைத்ததாலும் தப்புப் போட்டிருக்கிறேன். உலகத்தில் உண்மையாக இருக்கும் ஒன்று, கேட்ட கேள்விக்கு விடையாக இல்லாமல் இருக்கலாம்.

இனி, அதன் பிறகு நான் கடைப்பிடித்து வரும் முறைகளை ஒவ்வொன்றாகத் தருகிறேன்.

1. வரியைக் காட்டு

ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில், அது எந்த வரியில் இருக்கிறது என்று எண் போடுங்கள். வரி காட்ட முடியவில்லை என்றால் அது உங்கள் ஊகம். நேரடியாகச் சொல்லாமல் உட்கருத்தாகச் சொல்லியிருந்தாலும், அந்த உட்கருத்துக்கு அடிப்படையாக ஒரு வரியோ இரண்டு வரியோ கட்டாயம் இருக்கும். முதல் இரண்டு வாரம் இது எரிச்சலாக இருக்கும். ஒரு பகுதிக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும், விடாதீர்கள். வேகம் பிறகு தானே வரும்.

2. கேள்வியை முதலில் பாருங்கள், விடைகளைப் பிறகு பாருங்கள்

நான் முன்பு பகுதி முழுவதையும் படித்து, பிறகு கேள்விக்கு வந்து, மறுபடியும் பகுதிக்கு ஓடுவேன். இப்போது தலைப்பையும் கேள்விகளையும் முதலில் ஒரு பார்வை பார்த்து விடுகிறேன். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் கண் அங்கே நிற்கும். ஆனால் கொடுக்கப்பட்ட விடைகளை அப்போதே படிக்காதீர்கள். மூன்று விடைகளில் இரண்டு பொய். அவற்றை முதலில் மண்டையில் ஏற்றிக்கொண்டால், பகுதியைப் படிக்கும்போது அந்தப் பொய்யும் மெய் போலத் தெரியும். ஆரம்பப் பகுதிகளில் மூன்று விடைகள் இருக்கும். கடைசிப் பகுதிகளில் நான்கு வரும், பொய்யும் ஒன்று கூடும்.

3. திருப்பம் காட்டும் சொற்கள்

ஓடும் பேருந்தில் திருப்பம் வரும்போது கம்பியைப் பிடித்துக் கொள்வோம் அல்லவா? அது போல, 'ஹவெவர்', 'ஆல்தோ', 'டிஸ்பைட்', 'அன்லெஸ்', 'யெட்' ஆகிய சொற்கள் வந்தால் பென்சிலால் வட்டம் போட்டு விடுங்கள். பெரும்பாலும் எழுத்தாளர் சொல்ல வந்தது அதற்குப் பிறகுதான் இருக்கும். ரப்பர் பகுதியில் 'இருந்தாலும்' என்று நான் தமிழில் எழுதியிருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் இருந்தது 'ஹவெவர்'. அதைப் பிடித்திருந்தால் எனக்கும் தோழிக்கும் புள்ளி கிடைத்திருக்கும்.

இவற்றில் 'அன்லெஸ்' மிக ஆபத்தானது. நம் மின்னியல் பட்டறையில் சுவரில் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தாலொழிய இந்த மூடியைத் திறக்காதே என்பது அதன் பொருள். அந்த 'ஒழிய'தான் 'அன்லெஸ்'. அதை 'துண்டித்திருந்தால் திறக்காதே' என்று ஒருவன் தலைகீழாகப் புரிந்து கொண்டால் என்ன ஆகும்? தேர்வில் புள்ளி போகும், பட்டறையில் உயிரே போகும்.

4. தெரியாத சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

தேர்வு அறையில் அகராதி கிடையாது. பயிற்சியிலும் முதல் முறை அகராதியைத் தொடாதீர்கள். தெரியாத சொல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள வரியைப் பாருங்கள். ரப்பர் பகுதியில் முதலாளிகளைப் பற்றி 'ரெலக்டன்ட்' என்று ஒரு சொல் வந்தது. எனக்குத் தெரியாது. ஆனால் ரிட்லி வற்புறுத்தினார், அவர்கள் நடவில்லை, விலை சரிந்த பிறகுதான் நட்டார்கள். அப்படியானால் 'மனமில்லாமல்', 'தயங்கிக்கொண்டு' என்பது போல ஒரு பொருள்தான் அதற்கு இருக்க முடியும். பிறகு அகராதியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

ஊகித்துப் பார்த்த பிறகு அகராதியில் தேடுங்கள். ஒரு பகுதிக்கு ஐந்து சொல் மட்டும் நோட்டில் எழுதுங்கள். சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். நான் முன்பு ஒரு நாளைக்கு முப்பது சொல் எழுதி, முப்பதையும் மறந்தேன்.

5. அளவுச் சொற்களைக் கவனியுங்கள்

'ஆல்', 'ஒன்லி', 'ஆல்வேஸ்', 'நெவர்' ஆகிய சொற்கள் ஒரு விடையில் இருந்தால் சந்தேகப்படுங்கள். பகுதியில் 'பலர்' என்று இருக்கும், விடையில் 'எல்லாரும்' என்று இருக்கும். பகுதியில் 'இருக்கக்கூடும்', விடையில் 'இருக்கிறது'. இந்தச் சின்ன இடைவெளியில்தான் கேள்வி தயாரிப்பவர் வலை விரிக்கிறார். சில சமயம் அந்தச் சொல் உள்ள விடையே சரியாகவும் இருக்கும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு தள்ளி விடாமல், பகுதியில் உள்ள சொல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. இரண்டு பகுதிகளை ஒப்பிடுவது

நான்காம் பகுதியில் ஒரே கருப்பொருளைப் பற்றி இரண்டு பனுவல்கள் வரும். நான் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் முதல் எழுத்தாளர் சொல்வது, அந்தப் பக்கம் இரண்டாமவர் சொல்வது என்று இரண்டு மூன்று சொற்களில் குறித்துக் கொள்கிறேன். எங்கே ஒத்துப் போகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று அப்போதே தெரிந்து விடும். வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போடும்போது யார் என்ன சொன்னார்கள் என்று நமக்கு மறக்கிறதா? அந்தக் காதோடு படித்தால் போதும்.

7. விடுபட்ட வாக்கியம்

ஐந்தாம் பகுதியில் ஒரு பனுவலிலிருந்து ஆறு வாக்கியங்களை எடுத்து விடுவார்கள். எது எந்த இடத்துக்கு உரியது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே சுட்டுச் சொற்கள்தான் சாவி. 'திஸ்', 'தீஸ்', 'தே', 'சச்' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், அது சுட்டுகிற பொருள் அதற்கு முன் இருக்க வேண்டும். 'இந்த முறையால் ஒரே மரத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் பால் எடுக்க முடிந்தது' என்ற வாக்கியத்தை நம் ரப்பர் பகுதியில் எங்கே வைப்பீர்கள்? ரிட்லி முறையை வகுத்தார் என்ற வரிக்குப் பின்னால்தானே? விக்கம் விதை கொண்டு போன இடத்தில் வைத்தால் 'இந்த முறை' எந்த முறை?

8. நேரத்தைப் பங்கு போடுங்கள்

75 நிமிடத்தை 40-ஆல் வகுத்தால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடையாது, பகுதியைப் படிக்கும் நேரத்தையும் சேர்த்து. என் கணக்கு இது: முதல் பகுதிக்கு 6 நிமிடம், இரண்டு, மூன்றுக்கு 8, 8, நான்கிலிருந்து ஏழு வரை தலா 12. மொத்தம் 70. மிச்சம் 5 நிமிடம் விடைத்தாளைச் சரிபார்க்க. ஒரு கேள்வி மல்லுக்கு நின்றால் குறி போட்டு விட்டு நகர்ந்து விடுங்கள். கடைசியில் எதையும் காலியாக விடாதீர்கள். காலி இடத்துக்கு யாரும் புள்ளி கொடுக்க மாட்டார்கள்.

பிஸ்கட் டின்னில் இருந்த தாள்

இவ்வளவும் தேர்வுக்காக. இனி சொல்லப் போவது தேர்வுக்கு வெளியே நடந்தது. இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது, நாலு பேருக்கு உதவட்டும்" என்றார்.

நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, அப்பாவின் கூட்டாளி ஒருவர் கடனில் மோட்டார் வாங்கினார். "சாட்சிக் கையெழுத்துதாண்ணே, சும்மா ஒரு பேருக்கு" என்று சொல்லி அப்பாவை அழைத்துப் போனார். தாள் முழுக்க ஆங்கிலம். அப்பா போட்டு விட்டு வந்தார். ஒரு வருஷத்தில் கூட்டாளி மோட்டாரோடு காணாமல் போய் விட்டார். கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மாதம் 178 ரிங்கிட், 22 மாதம் அப்பா கட்டினார். மழைக்காலத்தில் பால் வெட்டு இல்லாத மாதத்திலும் கட்டினார். அம்மாவின் காதுத் தோடு அப்போதுதான் அடகுக்குப் போனது, திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தக் கதை, "கையெழுத்து வாங்கி ஏமாத்திட்டாங்க" என்றுதான் சொல்லப்படும்.

போன தவணை விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா பிறப்புப் பத்திரம் தேடி பிஸ்கட் டின்னைத் திறந்தபோது அந்தத் தாளின் நகல் கிடைத்தது. எடுத்துக்கொண்டு போய், பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். கருத்துணர் பகுதியைப் படிப்பது போலவே படித்தேன். வரிக்கு எண் போட்டேன், திருப்பச் சொல்லுக்கு வட்டம் போட்டேன்.

அப்பாவின் கையெழுத்துக்கு மேலே 'கேரண்டர்' என்று அச்சடித்திருந்தது. பிணை நிற்பவர் என்று பொருள். 'விட்னஸ்', அதாவது சாட்சி, என்ற கோடு அதற்குக் கீழே தனியாக இருந்தது. அங்கே வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் மிச்சம் உள்ள முழுத் தொகையையும் பிணை நிற்பவர் கட்ட வேண்டும் என்று ஆறாவது பத்தி சொன்னது. ஒளிவு மறைவு இல்லை. சின்ன எழுத்தும் இல்லை.

அப்பாவும் என்னைப் போலத்தான் செய்திருக்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றியது. தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை; கூட்டாளி சொன்னதே தாளிலும் இருக்கும் என்று நம்பினார். ரப்பர் பகுதியில் எனக்கு ஒரு புள்ளி போனது. அப்பாவுக்கு 22 மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு போனது. எனக்காவது கேட்பதற்கு ஒரு விரிவுரையாளரும் பக்கத்து அறை அக்காவும் இருந்தார்கள். அப்பாவுக்குப் படித்துச் சொல்ல ஆளே இல்லை. படிக்கத் தெரிந்தவர்கள் அந்த மேசைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் வாய் திறந்து சொல்லவில்லை.

அப்பாவிடம் தாளைக் காட்டி, ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னேன். திட்டுவாரோ என்று பயந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்து விட்டு, "அப்ப இது அன்னைக்கே எழுதித்தான் இருந்திச்சா?" என்றார். "ஆமாப்பா" என்றேன். வெகு நேரம் பேசவில்லை.

அதற்கு அடுத்த மாதம், பக்கத்து வீட்டு மாமா ஒரு ஆங்கிலத் தாளோடு வந்து அப்பாவைக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். அப்பா, "மக சனிக்கிழமை வருது, அது படிச்சுச் சொல்லட்டும்" என்று சொல்லி விட்டார். மாமாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். நான் போய்ப் படித்தேன். இரண்டு பக்கம். மூன்று வரிகளில் கோடு போட்டேன். ஒரு பத்தி எனக்கும் விளங்கவில்லை. முன்பாக இருந்தால் கௌரவம் போய் விடும் என்று ஏதாவது அடித்து விட்டிருப்பேன். இப்போது, "இது மட்டும் எனக்குத் தெரியலப்பா. கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும். அது வரைக்கும் போடாதீங்க" என்றேன்.

அப்பா தாளை மடித்து மாமாவிடம் கொடுத்தார். பிறகு என்னிடம், "அன்னைக்கு நானும் இதத்தான் சொல்லியிருக்கணும்" என்றார்.

தினப் பயிற்சிக்கு ஓர் ஏற்பாடு

நண்பர்களே, மூவெட் இல்லாவிட்டாலும் இந்தப் பயிற்சி தேவை என்று நான் நினைக்கிறேன். வசதியில்லை, புத்தகம் இல்லை என்று சொல்ல வேண்டாம். நான் செய்து வருவது இது.

திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு பகுதி, நாற்பது நிமிடம். நூலகத்தில் 'தி ஸ்டார்', 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' பத்திரிகைகள் கிடைக்கும். ஒரு செய்தியைப் படித்து, அதன் சாரத்தைத் தமிழில் மூன்றே வரியில் எழுதுங்கள். தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் ஆங்கிலத்தில் புரியவில்லை என்று அர்த்தம். பிறகு அதிலிருந்து நீங்களே இரண்டு கேள்வி தயாரித்து, பொய் விடைகளும் எழுதித் தோழிக்குக் கொடுங்கள். பொய் விடை தயாரித்துப் பார்த்தால்தான் தேர்வில் வரும் பொய்யை அடையாளம் காண முடியும். சனிக்கிழமை நேரம் வைத்து ஒரு முழுத் தாள். ஞாயிற்றுக்கிழமை தப்பான கேள்விகளை மட்டும் எடுத்து, ஏன் தப்பு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சொல் தெரியாததாலா, கேள்வியைத் தவறாகப் படித்ததாலா, வரியைப் பார்க்காமல் தலையிலிருந்து எடுத்ததாலா, நேரம் போதாததாலா? என் நோட்டில் முதல் மாதம் மூன்றாவது காரணம்தான் அதிகம். இப்போது அது குறைந்து விட்டது.

பயிற்சிக்குத் தாள் கிடைக்காத நாளில் மருந்து உறை, மின்சாதனக் கையேடு, அறிவிப்புப் பலகை, எது கிடைத்தாலும் படியுங்கள். எல்லாம் பனுவல்தான்.

கடைசியாக எழுதிய பயிற்சித் தாளில் எனக்கு 40-க்கு 26. பெரிய புள்ளி இல்லைதான். ஆனால் அந்த 26-க்கும் என்னால் வரி காட்ட முடியும். உண்மையான தேர்வை இனிமேல்தான் எழுதப் போகிறேன். முடிவு எப்படி வந்தாலும் அடுத்த ஆண்டு மலரில் மறைக்காமல் சொல்கிறேன்.

புதன்கிழமை இரவு எட்டரை மணிக்கு விடுதிப் படிப்பறையில் நானும் நான்கு தோழிகளும் சேர்ந்து படிக்கிறோம். மாணவிகள் யார் வேண்டுமானாலும் வரலாம். மாணவர்கள் தங்கள் விடுதியிலும் இப்படி ஒரு குழு தொடங்கலாம். கேள்விகளை மாற்றிக் கொள்வோம். வரும்போது ஒரு பென்சில் கொண்டு வாருங்கள். வீட்டில் பிஸ்கட் டின்னில் புரியாத தாள் ஏதாவது கிடந்தால், அப்பா அம்மாவைக் கேட்டுக் கொண்டு அதன் நகலையும் எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.